பின் சக்கரம் நகர்கிறது: முடுக்குவதா, வாஷரா, அட்ஜஸ்டரா, ஆக்சிலையே மாற்றுவதா?

எங்கள் தோட்டம் சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. காலையில் கறக்கிற பாலை இரண்டு கேன்களில் ஊற்றி, கேரியரின் இரு பக்கமும் தொங்கவிட்டு, சைக்கிளில்தான் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறேன். இரண்டும் சேர்த்து 40 லிட்டர் பிடிக்கும். சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, வாய்க்கால் வரை வழி ஏறக்குறைய சமதளம். பாலத்துக்கு ஏறும் இடத்தில் மட்டும் நல்ல மேடு. அங்கே சீட்டை விட்டு எழுந்து வலது பெடலை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த மிதியில் டயர் இடது பக்கக் குழாயில் உரசும். அப்புறம் செயின் தொங்கிக் கழன்றுவிடும். பாலோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு ஆத்திரமாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனால் எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றுதான். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, பெரிய ஸ்பானரால் நட்டை முடுக்கி, "டைட் வெச்சாச்சுங் தம்பி, இனி நகராது" என்பார்கள். ஒரு வாரம் நகராது. பிறகு நகரும். என் சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும் மகளின் சைக்கிள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் மச்சானின் கியர் சைக்கிள் என்று மூன்றிலும் இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அதனால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை எழுதிவைக்கிறேன்.

எவ்வளவு விசை இழுக்கிறது

65 கிலோ எடையுள்ள ஒருவர் எழுந்து நின்று ஒரு பெடல் மேல் தன் முழு எடையையும் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். பெடல் கை, அதாவது கிராங்க், சுமார் 165 மி.மீ. நீளம். 44 பல் உள்ள செயின் வீலின் ஆரம் சுமார் 89 மி.மீ. நெம்புகோல் கணக்கில் செயினில் வரும் இழுப்பு 65-ஐ 165-ஆல் பெருக்கி 89-ஆல் வகுத்தது, அதாவது 120 கிலோ. ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து மிதித்தால் இன்னும் கூடும். செயின் வலது பக்கத்தில் இருப்பதால் இந்த இழுப்பில் பெரும்பங்கு ஆக்சிலின், அதாவது சக்கரத்தின் நடு அச்சின், வலது முனைக்கே போகிறது. வலது முனை முன்னால் நகர, சக்கரத்தின் முன்பகுதி இடது பக்கம் திரும்புகிறது. டயர் எப்போதும் இடது குழாயில் உரசுவது இதனால்தான். வலது பக்கம் உரசினால் காரணம் வேறு: ரிம் கோட்டமாக இருக்கும், அல்லது ஆக்சில் வளைந்திருக்கும்.

இப்போது நட்டு என்ன பிடி கொடுக்கிறது என்று பார்க்கலாம். ஒரு சாண் நீள ஸ்பானரின் முனையில் 20 கிலோ விசை கொடுத்தால் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். பின் சக்கர நட்டுக்கு 30 முதல் 45 வரை என்பதுதான் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், தயாரிப்பவர்கள் சொல்லும் அளவு. மரை சுத்தமாக, லேசாக எண்ணெய் பட்டு இருந்தால் அந்த முறுக்கு ஃபிரேமை சுமார் 2 டன் அழுத்தத்தில் நெரிக்கும். இரும்பும் இரும்பும் உலர்ந்து நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலுமாகச் சேர்ந்து 600 கிலோ வரை இழுத்தாலும் நகரக் கூடாது. தேவைக்கு ஐந்து மடங்கு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சரியாக முடுக்கிய சக்கரம் நகர்கிறதென்றால், அந்த 2 டன்னை நடுவில் எதுவோ தின்றுகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் முடுக்கினால் மரைதான் போகும்.

முதலில் கழற்றிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் போய் உட்காரும் காடியை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே உள்ள தடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாஷர் அழுத்திய தடம் முழு வட்டமாக இருந்தால் நல்லது. பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் காடியின் தகடு வளைந்திருக்கிறது. வாஷர் சாய்ந்து உட்கார்ந்து பாதிப் பிடிதான் கொடுக்கிறது. முன்பக்கமாகப் பளபளவென்று கீறல் இருந்தால் நட்டு கழலாமலேயே ஆக்சில் வழுக்கியிருக்கிறது. கீறல் இல்லாமல் நட்டு மட்டும் தளர்ந்திருந்தால் அது வழுக்கல் கிடையாது, நட்டு கழல்கிற கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போனதால்தான் நான் ஆறு மாதம் தவறான இடத்தில் காசு செலவழித்தேன்.

தடம் எதுவும் இல்லாமலேயே மிதிக்கும்போது 'டக்' என்றால், பின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கொக்கி நழுவலாம். தேய்ந்த செயின் பல்லின் மேல் ஏறிக் குதிக்கலாம். செயினை அளப்பது எளிது. 24 கண்ணி புதிதாக இருக்கும்போது மிகச் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம்.

வெறுமனே முடுக்குவது

செலவில்லாத வழி. நட்டைக் கழற்றி, மரையை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சரியான ஸ்பானரால் முடுக்கினாலே பாதிப் பேருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். துருப்பிடித்த மரையில் நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்துவிடுகிறது. கை வலிக்கிறதே, நட்டு நன்றாக இறுகிவிட்டது என்று நினைப்போம். காடியில் அரை டன் கூட அழுத்தம் இருக்காது. மரைக்கு எண்ணெய் வேண்டும், காடியின் முகத்துக்கும் வாஷருக்கும் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் விடுகிற ஆர்வத்தில் பலர் இரண்டையும் நனைத்துவிடுகிறார்கள்.

பல ஓட்டைகள் போட்ட தட்டையான தகட்டு ஸ்பானர் வீட்டுக்கு வீடு இருக்கும். அதை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். நட்டின் மூலையை மழுக்கிவிடும், மழுங்கிய நட்டை யாராலும் முடுக்க முடியாது. 10 மி.மீ. ஆக்சிலுக்கு வரும் நட்டுக்குப் பெரும்பாலும் 15 அளவு ஸ்பானர் பொருந்தும். பழைய சைக்கிள்களுக்கு நட்டைக் கையில் எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். ஸ்பானரில் குழாய் சொருகி ஏறி நின்று முடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஆக்சில் நீண்டு மரை கழன்றுவிடும்.

பெயின்ட்டைச் சுரண்டுவதும் பல் வாஷரும்

காடியின் இரு முகத்திலும் இருக்கும் பெயின்ட் ஒரு மெத்தை போல. முடுக்கும்போது நசுங்கும், நாலு நாளில் தூளாகி உதிரும், உதிர்ந்த அளவுக்கு நட்டு தளரும். வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரியும்படி விட்டால் பிடி உடனே கூடும். மழைக்காலத்தில் லேசாகத் துரு ஏறும். அந்த வட்டத்தைச் சுற்றி வெளியே மட்டும் கொஞ்சம் கிரீஸ் பூசினால் அதுவும் கட்டுப்படும்.

அடுத்தது பல் வாஷர். ஒரு முகத்தில் பற்கள் வெட்டிய கெட்டி வாஷர், அல்லது அடியில் பற்களோடு அகன்ற தட்டு சேர்ந்தே வரும் நட்டு. பற்கள் ஃபிரேமுக்குள் கடித்துக்கொள்வதால் வழுக்குவதற்கு இடமில்லை. பளபளப்பான குரோம் வாஷர் பார்க்க அழகாக இருக்கும். அது கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த மாதிரி வழுக்கும். என் கருத்தில், கேரியரில் பாரம் ஏற்றாத, தனியாள் ஓட்டும் சைக்கிளுக்குச் சுத்தம் செய்த காடியும் பல் வாஷரும் போதும். வேறு எதற்கும் போகத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பற்கள் ஃபிரேமைப் பார்த்து இருக்க வேண்டும். கேரியர் காலுக்கும் நட்டுக்கும் நடுவில் பல் வாஷரைப் போட்டால் அது கேரியர் காலைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல.

ஸ்பிரிங் வாஷரையும், நட்டின் மேல் இன்னொரு நட்டை இறுக்குவதையும், மரையில் பூசும் ஒட்டு மருந்தையும் சிலர் சொல்வார்கள். மூன்றும் நட்டு தானாகக் கழலாமல் தடுக்கும் வழிகள். காடியில் ஆக்சில் வழுக்குவதை அவற்றால் தடுக்க முடியாது.

ஆக்சிலின் மேல் குவியும் தகடுகள்

பாரம் ஏற்றும் சைக்கிள்களில் உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். என் சைக்கிளின் வலது பக்கத்தில் உள்ளிருந்து வெளியே வரிசையாக என்ன இருந்தது என்று எண்ணினேன். ஃபிரேம், அதன் மேல் ஸ்டாண்டின் காது, அதன் மேல் மட்கார்டு கம்பியின் வளையம், அதன் மேல் கேரியரின் கால், பிறகு வாஷர், கடைசியில் நட்டு. இவை எல்லாம் பெயின்ட் அடித்த மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குகிறது. அழுத்தம் தகடுகளைத் தாண்டி ஃபிரேமுக்குப் போய்ச் சேரும்போது வலுவிழந்துவிடுகிறது.

அதோடு ஸ்டாண்டு அசைகிற பொருள். ஒவ்வொரு முறை காலால் ஸ்டாண்டைத் தள்ளும்போதும் அதன் காது ஆக்சிலின் மேல் திரும்புகிறது. பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கிறது. கேரியரிலும் 40 கிலோ தொங்கினால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கேரியர் கால் மேலும் கீழும் ஆடும். நட்டு எப்படி நிற்கும்? இன்னொன்று, இத்தனை தகடுகளும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் நட்டுக்குள் போன மரை என் சைக்கிளில் மூன்றே சுற்றுதான். நட்டின் முழு ஆழமும் மரையில் ஏறி, ஆக்சில் முனை வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். தலை மூடிய குமிழ் நட்டு போட்டிருப்பவர்கள் இதற்கு நேர்மாறான ஒரு ஆபத்தையும் பார்க்க வேண்டும். ஆக்சில் நீளமாக இருந்தால் அதன் முனை குமிழுக்குள் போய் முட்டி நின்றுவிடும். நட்டு இறுகியது போலத் தெரியும், ஃபிரேமில் அழுத்தமே இருக்காது.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, ஸ்டாண்டையும் கேரியர் காலையும் ஆக்சிலிலிருந்து எடுத்து, ஃபிரேம் குழாயில் கிளாம்பு போட்டு மாட்டுவது. லேசான கேரியருக்கு இது அருமையான வழி. பால் கேன் பாரத்துக்குக் கிளாம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நான் முயன்று பார்த்துக் கைவிட்டேன்.

இரண்டாவது, நீளமான ஆக்சில் போட்டு ஒவ்வொரு பக்கமும் இரண்டு நட்டுகள் வைப்பது. உள் நட்டு பல் வாஷரோடு சேர்ந்து ஃபிரேமை மட்டும் இறுக்கும். அதற்கு வெளியே ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர்; அவற்றைத் தனியாக இன்னொரு நட்டு பிடிக்கும். கேரியர் எவ்வளவு ஆடினாலும் அது வெளி நட்டோடு நிற்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் உள் நட்டுக்கு ஆட்டம் போய்ச் சேராது. மேலே சொன்னது போல நட்டின் மேல் நட்டை இறுக்குவது வேறு, இது வேறு. இங்கே ஒவ்வொரு நட்டுக்கும் தனி வேலை இருக்கிறது. பால், தேங்காய், சோளத்தட்டு என்று பாரம் ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். பஞ்சர் ஒட்டும்போது கூடுதலாக இரண்டு நட்டுகளைக் கழற்ற வேண்டும் என்பது மட்டுமே இதன் தொல்லை.

கோயம்புத்தூர் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறையில் கொடுத்தால் எந்த நீளத்துக்கும் ஆக்சில் கடைந்து தருவார்கள். பம்ப் செட்டும் மோட்டாரும் செய்து பழகிய கைகள், அளவு பிசகாது. ஆனால் சாதா இரும்புக் கம்பியில் கடைந்த ஆக்சில் பாரத்தில் வளையும். சைக்கிள் ஆக்சில் பதம் ஏற்றிய எஃகு. அதனால் ரெடிமேடாகக் கிடைப்பதில் நீளமானதைத் தேடி வாங்குங்கள். பட்டறையை நாடுவதென்றால் கெட்டி வாஷர் கடைந்து வாங்கலாம், அது நல்ல வேலை.

செயின் அட்ஜஸ்டர்

ஒரு வளையம், அதிலிருந்து நீளும் மரைக் கம்பி, காடியின் பின்புறத்தை மூடும் சிறு தகடு, கடைசியில் சின்ன நட்டு. வளையத்தை ஆக்சிலில் மாட்டி, சின்ன நட்டைத் திருப்பினால் ஆக்சில் பின்னால் நகரும். செயின் இழுத்தாலும் ஆக்சில் முன்னால் போக முடியாது, கம்பி பிடித்துக்கொள்ளும். உராய்வை நம்பாமல் நேரடியாகத் தடுப்பதால் உறுதியில் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. காடி பின்பக்கமாகத் திறந்திருக்கும் நம் ஊர் ஒற்றைப் பல் சைக்கிள்களுக்கு அருமையாகப் பொருந்தும். காடி முன்பக்கமாகத் திறந்திருந்தால் இது உட்காராது.

வலது பக்கம் ஒன்று போட்டாலே சக்கரம் நகர்வது நிற்கும். இரண்டு பக்கமும் போட்டால் சக்கரத்தை நேராக நிறுத்துவது சுலபம், இடது பக்கம் கால் சுற்று, வலது பக்கம் கால் சுற்று என்று வைத்து நடுவுக்குக் கொண்டுவரலாம். செயினின் தளர்ச்சியும் நினைத்த அளவுக்கு வரும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் ஃப்ரீவீலும் பெடல் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். மெல்லிய தகட்டில் அடித்த அட்ஜஸ்டர்கள் பாரத்தில் வளைந்துபோகும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், பின் தகடு 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். வளையம் உங்கள் ஆக்சிலுக்குச் சரியாக ஏற வேண்டும்.

அட்ஜஸ்டரில் எனக்கு ஒரு கவலை உண்டு. நட்டு தளர்ந்தாலும் சக்கரம் நகராது என்பதால் தளர்ந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். அட்ஜஸ்டர் போட்டாச்சு என்று நட்டைப் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது. ஆகவே ரெட்டை நட்டா, அட்ஜஸ்டரா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரெட்டை நட்டைத்தான் சொல்வேன். பிடி தளர்வதன் காரணத்தை அது நீக்குகிறது. அட்ஜஸ்டர் விளைவைத் தடுக்கிறது. என் சைக்கிளில் இப்போது இரண்டும் இருக்கின்றன, மேடும் பாரமும் அப்படி.

ஊரில் செய்யும் ஒரு கைவைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். காடிக்குள் ஆக்சிலுக்கு முன்னால் ஒரு துண்டு போல்ட்டையோ நட்டையோ சொருகிவிடுவார்கள். பாதி வழியில் நின்றுபோனவருக்கு அது வீடு சேர உதவும், நானும் செய்திருக்கிறேன். செயின் தேய்ந்து நீளும்போது துண்டின் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் நிரந்தரமாக வைக்க முடியாது. வெல்டிங் கடையில் கொடுத்து ஒரு தடுப்பைப் பற்றவைப்பது அதைவிட மோசம். அதற்குப் பிறகு செயினைச் சரிசெய்யவே வழியிருக்காது.

மகளின் சைக்கிளில் நடந்தது

பஞ்சர் ஒட்டக் கொடுத்த இடத்தில் பின் நட்டு ஒன்று தொலைந்து, வேறு நட்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு வாரம் இரண்டு முறை சக்கரம் சாய்ந்தது. அவள் பள்ளியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எவ்வளவு முடுக்கினாலும் நட்டு ஒரு கட்டத்துக்கு மேல் வழுவழுவென்று சுற்றியது.

காரணம் இரண்டு மரைகளின் குழப்பம். பழைய ஆங்கில முறை பின் ஆக்சில் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. அதில் அங்குலத்துக்கு 26 மரை. மற்றது 10 மி.மீ. ஆக்சில், மரைக்கு மரை 1 மி.மீ. அங்குலத்துக்கு 26 என்றால் மரைக்கு மரை 0.98 மி.மீ. வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 10 மி.மீ. நட்டு 3/8 ஆக்சிலில் சிரமமே இல்லாமல் ஏறும், ஏறக்குறைய அரை மி.மீ. தொளதொளப்போடு. மரைகள் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். முடுக்கினால் நுனி மழுங்கி நழுவும்.

இந்த நிலையில் வாஷரோ அட்ஜஸ்டரோ எதுவும் பயன்படாது. ஆக்சில் செட்டையே மாற்றுவதுதான் சரி. பெரிய செலவில்லை. ஆக்சில், பேரிங் குண்டுகளை இரு பக்கமும் தாங்கும் இரு கோன், வாஷர், நட்டு எல்லாம் ஒரே அளவில் சேர்ந்து வரும். மாற்றும்போது பால்ஸையும், அதாவது அந்தக் குண்டுகளையும், புதிதாகப் போட்டுவிடுங்கள். பின் ஹப்புக்கு கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 9, மொத்தம் 18. கோனை முடுக்கிய பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, சுற்றினால் கரகரவென்றும் இருக்கக் கூடாது. ஆக்சிலை உருட்டிப் பார்த்து வளைவு தெரிந்தாலும், மரை ஓரிடத்தில் ஒல்லியாக நீண்டு தெரிந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

"அதே நட்டுத்தானுங்களே, இதுக்கு எதுக்குங்க புது ஆக்சிலு?" என்று கடைக்காரர் கேட்டால், புது 3/8 நட்டு ஒன்றை வாங்கி அதே ஆக்சிலில் ஏற்றிக் காட்டுங்கள். சரியான நட்டில் ஆட்டம் இருக்காது. அப்போதும் இறுகாமல் சுற்றினால் ஆக்சிலின் மரை போய்விட்டது என்பது அவருக்கே தெரியும்.

கியர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்

இப்போது வரும் கியர் சைக்கிள்களில் காடி செங்குத்தாகக் கீழ்நோக்கித் திறந்திருக்கும். அதில் சக்கரம் முன்னால் நகர இடமே இல்லை. சாய்ந்திருந்தால் ஆக்சில் காடியின் உச்சி வரை போய் உட்காரவில்லை என்று அர்த்தம். வண்டியை நேராகத் தரையில் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி முடுக்கினால் போதும்.

மச்சானுடையது பழைய கியர் சைக்கிள், காடி சாய்வானது, நட்டுக்குப் பதில் நெம்பு வைத்த விரைவுப் பூட்டு. இதில் இரண்டு வகை. நெம்பின் உருளை ஒரு கூட்டுக்குள் மூடியிருப்பது ஒன்று. வெளியே தெரியும்படி, அடியில் பிளாஸ்டிக் தட்டோடு வருவது இன்னொன்று. மூடிய வகைக்குப் பிடி அதிகம், அழுக்கும் சேராது. சாய்வுக் காடிக்கு மூடியதும், எஃகுப் பற்கள் உள்ளதும்தான் வேண்டும். நெம்பை நட்டு மாதிரிச் சுற்றி இறுக்குகிறவர்கள் நிறையப் பேர். மச்சானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். நெம்பு பாதி வழியில், ஆக்சிலுக்கு நேராக நிற்கும்போதே கை எதிர்ப்பை உணர வேண்டும். அங்கிருந்து மடித்து மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அந்த அழுத்தம் வராவிட்டால் எதிர்முனை நட்டை அரைச் சுற்று திருப்பிவிட்டு மறுபடி மூடுங்கள்.

பின் ஹப்பில் மின்மோட்டார் பொருத்துகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. மோட்டார் ஆக்சிலையே எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும். அது காடியை விரித்துக்கொண்டு வெளியே வந்தால் உள்ளே போகும் ஒயரும் அறுந்து, சக்கரமும் கழன்றுவிடும். ஆக்சிலின் தட்டைப் பக்கத்தைப் பிடித்து ஃபிரேமோடு கட்டும் டார்க் ஆர்ம் என்ற எஃகுத் தகடு கட்டாயம் வேண்டும். அலுமினிய ஃபிரேமாக இருந்தால் இரண்டு பக்கமும் போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாட்டும் வரிசை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டும் முறை சரியாக இல்லையென்றால் பலன் வராது. வலது பக்கம் ஆக்சிலைப் பின்னால் இழுத்து, செயின் அளவுக்கு வந்ததும் வலது நட்டைப் பாதி முடுக்குங்கள். பிறகு டயரின் முன்பகுதியைக் கையால் பிடித்து, இரு குழாய்களுக்கும் நடுவில் நிறுத்தி, இடது நட்டைப் பாதி முடுக்குங்கள். ஒரு முறை பெடலைச் சுற்றிச் செயின் எங்காவது விறைக்கிறதா என்று பார்த்துவிட்டு, வலதை முழுதாக, அப்புறம் இடதை முழுதாக. காடித் தகடு வளைந்திருந்தால் இதற்கு முன்பே பெரிய ஸ்பானரால் மெல்ல நிமிர்த்திவிட வேண்டும். இரும்பு ஃபிரேமுக்குத்தான் இது, அலுமினியத்தில் செய்தால் உடையும். முதல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு முறை முடுக்குங்கள். புதிதாகப் போட்டவை அப்போதுதான் தம் இடத்தில் உட்காரும்.

முடுக்கி முடித்ததும், ஆக்சில் முனையிலிருந்து நட்டு, வாஷர் வழியாக ஃபிரேம் வரை மகளின் நகப்பூச்சால் ஒரே கோடாக இழுத்துவிடுகிறேன். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, ஞாயிற்றுக்கிழமை தோறும், வாய்க்கால் பாலத்தில் நிறுத்திக் குனிந்து பார்ப்பேன். கோடு நட்டில் உடைந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. வாஷருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உடைந்திருந்தால் வழுக்கியிருக்கிறது. ரெட்டை நட்டு போட்டதிலிருந்து உள் நட்டின் கோடு ஒரு முறை கூட உடையவில்லை. வெளி நட்டின் கோடு இரண்டு தடவை உடைந்தது, இரண்டு தடவையும் கேரியர் கால் ஆடியதால்.